எளிய தொழிலே எழுந்து நிற்கும்: தீவகம் தரும் பாடம்

கரம்பொன் என்னும் பெயரைக் கேட்டதும் தமிழறிந்தோர் நினைவுக்கு வருபவர் தனிநாயகம் அடிகளாரே. 1913 ஆம் ஆண்டில் அவர் பிறந்த அந்தச் சிறு கிராமம், தமிழை உலகப் பல்கலைக்கழகங்களின் வாசல்வரை கொண்டுசென்ற ஓர் அறிஞரைத் தந்த பெருமைக்குரியது. எனினும் கரம்பொனும், அதனைச் சூழ்ந்த ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு முதலிய தீவகக் கிராமங்களும், அயலிலுள்ள காரைநகரும் இன்னொரு துறையிலும் தமிழருக்குப் பெயர் தேடிக் கொடுத்தவை என்பதை நாம் மறந்துவிடலாகாது. அத்துறை வணிகம். இலங்கைத் தீவின் மூலை முடுக்கெல்லாம் கடை விரித்து, பெரும் முதலோ பட்டமோ அரசாங்கத்தின் ஆதரவோ இன்றி முன்னேறிய ஒரு வணிகச் சமூகத்தை இம்மண் உருவாக்கியது. அந்த வணிகர்கள் கைக்கொண்ட வழிமுறை இன்றைய எமது இளைய தலைமுறைக்கு எதைக் கற்றுத் தருகின்றது என்பதைச் சற்று ஆழமாக நோக்குவது காலத்தின் தேவையாகும்.

2009 ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் தொழில் முயற்சியை ஊக்குவிக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்குக் குறைவிருக்கவில்லை. அரச திணைக்களங்களும் அரசசார்பற்ற நிறுவனங்களும் வங்கிகளும் இத்தகைய பயிற்சிகளை நடத்தி வந்துள்ளன. இவற்றில் பங்குகொள்வோரிடம் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுவது பல பக்கங்கள் கொண்ட ஒரு திட்ட அறிக்கை. அதில் ஐந்தாண்டு வருமான மதிப்பீடு இருக்க வேண்டும்; ஏற்றுமதி வாய்ப்பு இருக்க வேண்டும்; நவீன இயந்திரம் இருக்க வேண்டும்; பல்வகை உற்பத்திகள் இருக்க வேண்டும். திட்டம் எவ்வளவுக்குச் சிக்கலாகத் தோன்றுகின்றதோ அவ்வளவுக்கு அது சிறந்தது என்ற எண்ணம் எம்மவரிடையே வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் தவறானது என்பதே எமது கருத்து. குறைந்த முதலுடன் தொழில் தொடங்கும் ஒருவருக்கு, ஒரே வாக்கியத்தில் விளக்கக்கூடிய எளிய தொழிலே பெரும்பாலும் வெற்றியைத் தருகின்றது. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. எமது பாட்டன்மாரின் கடைகளே போதுமானவை.

தீவகம் இயற்கை வளம் கொழிக்கும் பூமியன்று. நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. கிணறுகள் பல உவர்நீரையே தருகின்றன. பெரும்போகம் மழையை நம்பியது. பனையும் கடலும் புகையிலையும் கைகொடுத்தாலும் பெருகிய குடும்பங்களுக்கு அவை போதவில்லை. குடாநாட்டின் படித்த வகுப்பினர் அரசாங்க உத்தியோகத்தை நாடிக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றபோது, அந்தக் கல்வி வாய்ப்பு அனைவருக்கும் கிட்டாத தீவகத்தின் இளைஞர்கள் பலர் வணிகத்தை நாடினர். கொழும்பிலும், காலி, கண்டி, குருநாகல், அநுராதபுரம் என்று தென்னிலங்கை எங்கணும் அவர்களுடைய கடைகள் தோன்றின. சிங்களக் கிராமத்தவர்கள் 'சுருட்டுக் கடை' என்றே அவற்றை அழைத்தனர் என்பதிலிருந்து, அவ்வணிகம் அம்மக்களின் அன்றாட வாழ்வில் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதை உணரலாம்.

அந்தக் கடைகளின் அமைப்பு எத்தகையது? முன்பகுதியில் ஒரு மேசை, ஒரு தராசு, சில தட்டுகள். விற்பனைக்கு யாழ்ப்பாணத்துச் சுருட்டு, வெற்றிலை பாக்கு, அரிசி, பருப்பு, மிளகாய், தேங்காயெண்ணெய். வேறு சில இடங்களில் சோறும் தோசையும் தேநீரும் விற்கும் சாப்பாட்டுக் கடை. பின்புறத்தில் முதலாளியும் வேலையாட்களும் ஒன்றாகச் சமைத்து உண்டு ஒரே கூரையின் கீழ் உறங்குவர். வாடகை வீடு தனியே இல்லை, வேலையாளுக்குத் தனிச் சாப்பாட்டுச் செலவு இல்லை, விளம்பரம் இல்லை. கடன்காரர் பெயர்கள் ஒரு கொப்பியில் இருக்கும். விடியற்காலையில் திறந்து இரவு மூடும்போது பெட்டியிலுள்ள காசை எண்ணினால் அன்றைய நிலைமை தெரிந்துவிடும். குடும்பம் ஊரிலேயே இருந்தது. மாதந்தோறும் பணம் ஊருக்குச் சென்றது. அந்தப் பணம் ஊர்களில் கல்வீடுகளாகவும் கோயில் திருப்பணிகளாகவும் பள்ளிக்கூடக் கட்டடங்களாகவும் உருமாறியது.

சுருட்டுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். புகையிலை உடலுக்குத் தீங்கு என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அப்பொருளைப் போற்றுவது எமது நோக்கமுமன்று. அவ்வணிகத்தின் கட்டுக்கோப்பே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. புகையிலை எமது தோட்டங்களிலேயே விளைந்தது. அதனைப் பதப்படுத்தும் முறை எமது விவசாயிகளின் கைவந்த கலை. சுருட்டுக் கொட்டில்களில் தொழிலாளர்கள் நிரையாக அமர்ந்து சுருட்டுச் சுற்றுகையில், ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பர். வேறு பொழுதுபோக்கு அதிகமில்லாத அந்நாளில் அதுவே அவர்களுக்கு அரசியல் பாடசாலையாகவும் இருந்தது. சுற்றிய சுருட்டுக்கு இயந்திரம் தேவைப்படவில்லை, குளிரூட்டி தேவைப்படவில்லை, கட்டாக்கிப் புகையிரதத்தில் ஏற்றினால் தெற்கே கடை வைத்திருக்கும் உறவினரைச் சென்றடையும். விளைவிப்பவர், சுற்றுபவர், விற்பவர் என்ற மூன்றே கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி அது. கண்ணிகள் குறைந்த சங்கிலி எளிதில் அறுவதில்லை.

இத்தகைய எளிய வணிகம் வெற்றிபெற்றமைக்கு மூன்று காரணங்களை நாம் இனங்காணலாம். முதலாவது, இலாபமும் நட்டமும் அன்றாடம் கண்ணுக்குத் தெரிந்தன. தவறு நேர்ந்தால் ஒரு கிழமைக்குள் புலப்படும், திருத்திக்கொள்ளலாம். ஆண்டு முடிவில் கணக்காளர் சொல்லித்தான் நட்டத்தை அறியவேண்டிய நிலை இருக்கவில்லை. இரண்டாவது, அந்தத் தொழிலைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்க முடிந்தது. ஊரிலிருந்து வந்த பதினைந்து வயதுப் பையன் முதலில் கடையைக் கூட்டினான், பின்னர் நிறுத்துக் கொடுத்தான், அதன் பின்னர் கணக்குப் பார்த்தான்; சில ஆண்டுகளில் முதலாளி கொடுத்த சிறு கைமாற்றுடனும் உறவினருடன் கட்டிய சீட்டுப் பணத்துடனும் அடுத்த நகரத்தில் தன் சொந்தக் கடையைத் திறந்தான். ஒரு கடை பத்துக் கடைகளானது இவ்வாறுதான். மூன்றாவது, அத்தொழிலின் முதலில் பெரும்பகுதி கட்டடத்திலோ இயந்திரத்திலோ முடங்கியிருக்கவில்லை. அது வணிகரின் அறிவிலும் பழக்கத்திலும் நாணயத்திலும் இருந்தது. ஆகையால் அதை எங்கும் எடுத்துச்செல்ல முடிந்தது.

இந்த மூன்றாவது காரணத்தின் பெறுமதியை எமது மக்கள் மிகக் கொடிய முறையில் அறிய நேர்ந்தது. 1958 இலும் 1977 இலும் 1983 ஜூலையிலும் தென்னிலங்கையில் தமிழரின் கடைகள் கொள்ளையிடப்பட்டன; எரிக்கப்பட்டன. பல தசாப்த கால உழைப்பு ஓரிரவில் சாம்பலானது. 1990 ஒக்டோபரில் வடக்கில் வாழ்ந்த சுமார் 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணச் சோனகத் தெருவிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் இரும்புக் கடை, தையற்கடை, நகைக் கடை என்று தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள், சில மணிநேர அவகாசத்தில் சில நூறு ரூபாவுடன் புத்தளத்தை நோக்கி நடக்க நேர்ந்தது. அதே காலப்பகுதியில், 1990-1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் கரம்பொன் உள்ளிட்ட தீவகக் கிராமங்களின் மக்களும் வீடுவாசலை விட்டு வெளியேறினர். இவ்விரு சமூகங்களுக்கும் நேர்ந்த அநீதிகள் வெவ்வேறானவை. அவற்றுக்குப் பொறுப்பானவர்களும் வெவ்வேறானவர்கள். ஆயின் இழப்பின் வலி ஒன்றே.

அவ்வாறு வெறுங்கையுடன் நின்றவர்களில் மீண்டும் விரைவாக எழுந்தவர்கள் யார்? எளிய தொழிலைக் கையில் வைத்திருந்தவர்களே. புத்தளத்தின் அகதி முகாம்களைச் சுற்றிச் சில காலத்தினுள் தையல் இயந்திரங்களின் ஓசை கேட்கத் தொடங்கியது; துணியைத் தோளில் சுமந்து வீடு வீடாக விற்றவர்கள் சந்தையில் இடம்பிடித்தனர். பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியிலும், இலண்டனிலும், டொரொன்டோவிலும் எம்மவர் முதன்முதலில் திறந்தவை பலசரக்குக் கடைகளும் உணவுக் கடைகளுமே. காலியிலும் குருநாகலிலும் பாட்டன் செய்ததைப் பேரன் பாரிஸில் செய்தான். மொழி வேறு, காலநிலை வேறு, சட்டம் வேறு. தொழிலின் வாக்கியம் மட்டும் மாறவில்லை. எமது மக்கள் உண்பதை எமது மக்கள் வாழும் இடத்தில் விற்பது என்பதே அவ்வாக்கியம். அதேவேளை, சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத நாட்டில் எந்தத் தொழிலும், அது எளிதாயினும் சிக்கலாயினும், நிலைக்காது என்பதையும் நாம் இவ்விடத்தில் வலியுறுத்த விரும்புகின்றோம். எளிய தொழில் மீண்டெழுவதற்கு உதவும். எரியாமல் இருப்பதற்கு நீதியான அரசு வேண்டும்.

போர்க்காலத்தின் பொருளாதாரத் தடையும் எளிமையின் ஆற்றலைக் காட்டியது. பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. மின்சாரம் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மண்ணெண்ணெயும் அரிதானபோது, ஒரு கரண்டி எண்ணெயில் பல மணிநேரம் எரியும் ஜாம் போத்தல் விளக்கு வீடு தோறும் ஒளிர்ந்தது. பிள்ளைகள் அவ்வொளியிலேயே படித்துப் பல்கலைக்கழகம் சென்றனர். 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின்னர் யாழ்ப்பாணத்துச் சந்திகள்தோறும் தொலைபேசி அழைப்பை நிமிடக் கணக்கில் விற்கும் நிலையங்கள் காணப்பட்டன. வெளிநாட்டிலுள்ள மகனுடன் பேச விரும்பும் தாய்க்குத் தேவைப்பட்டது ஒரு கூண்டும் ஒரு தொலைபேசியும் ஒரு கடிகாரமும் மட்டுமே. கையடக்கத் தொலைபேசி பரவியதும் அத்தொழில் மறைந்தது உண்மையே. ஆனால் அதில் ஈடுபட்டவர்களிற் பலர் அதே கடையில் நிழற்பிரதி எடுக்கவும், கையடக்கத் தொலைபேசிக்கு மீள்நிரப்பு அட்டை விற்கவும் தொடங்கினர். முதல் குறைவாக முடங்கிய தொழிலில் வழி மாறுவதும் இலகு.

எளிமை சிறுகடைக்கு மட்டுமே பொருந்தும், அதைக்கொண்டு பெருந்தொழில் அமைக்க முடியாது என்று சிலர் வாதிடக்கூடும். கடல் கடந்து தமிழகத்தை நோக்கினால் இவ்வாதம் வலுவிழந்துவிடும். கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன் 1983 ஆம் ஆண்டில் 15,000 இந்திய ரூபாவுடன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து தனியே ஷாம்பு தயாரிக்கத் தொடங்கினார். பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் ஷாம்புவைப் போத்தல்களில் விற்றுவந்த காலம் அது. முழுப் போத்தலையும் வாங்க வசதியற்ற கூலித் தொழிலாளிக்கு ஒரு முறை தலை முழுகுவதற்கு மட்டும் போதுமான அளவைச் சிறு பக்கற்றில் கொடுப்பது என்ற எண்ணத்தை அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன் முன்னரே செயற்படுத்திக் காட்டியிருந்தார். மகன் அதைக் கிராமங்களுக்கு எடுத்துச்சென்றார். வெறும் பக்கற்றுகளைத் திருப்பிக் கொடுப்போருக்குப் புதிய பக்கற் ஒன்று இலவசம் என்று அறிவித்தார். மல்லிகை, ரோஜா மணங்களைச் சேர்த்தார். பின்னர் 50 சதத்துக்கே ஒரு பக்கற்றை விற்றார். 'சிக்' என்ற பெயரில் தொடங்கிய அம்முயற்சி இன்று கெவின்கேர் என்னும் பெருநிறுவனம். புதிய இரசாயனம் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஏழையின் கையில் எத்தனை காசு இருக்கும் என்பதை மட்டும் சரியாகக் கண்டுகொண்டார்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றையும் காண்போம். உலகின் எந்த மூலையிலிருந்தும் தொலைபேசியில் பேசலாம் என்ற நோக்குடன் மோட்டோரோலா நிறுவனத்தின் முன்முயற்சியில் உருவானது இரிடியம் திட்டம். 66 செய்மதிகள் பூமியைச் சுற்றி வந்தன; சுமார் 500 கோடி அமெரிக்க டொலர் செலவிடப்பட்டது. 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. 1999 ஓகஸ்டில், ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, நிறுவனம் வங்குரோத்தானது. கருவியின் விலை சுமார் 3,000 டொலர், அது கனமானது, கட்டடத்தினுள் ஒழுங்காக இயங்காது. விஞ்ஞானிகளின் பார்வையில் அது ஒரு சாதனை. வாடிக்கையாளரின் பார்வையில் அது தேவையற்ற சுமை.

ஏறத்தாழ இதே காலத்தில், 1997 ஆம் ஆண்டில், பங்களாதேஷில் கிராமீன் தொலைபேசி நிறுவனம் தன் பணியை ஆரம்பித்தது. கிராமத்துப் பெண் ஒருவர் கடன் பெற்று ஒரு கையடக்கத் தொலைபேசியை வாங்குவார். அயலவர்கள் அவரிடம் வந்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பேசுவர். வெளிநாட்டிலுள்ள கணவனிடம் பேசுவதற்கும், சந்தையில் நெல்லின் விலையை அறிவதற்கும், மருத்துவரை அழைப்பதற்கும் அந்த ஒரு தொலைபேசி முழுக் கிராமத்துக்கும் பயன்பட்டது. எமது சந்தியிலிருந்த தொலைபேசி நிலையத்தின் அதே கருத்துத்தான். 66 செய்மதிகளால் இயலாததை ஒரு கிராமத்துப் பெண்ணின் திண்ணை செய்து காட்டியது. அதற்கு அடித்தளமிட்ட பேராசிரியர் முஹம்மத் யூனுஸும் 1976 ஆம் ஆண்டில் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்கு ஏறத்தாழ 27 டொலரைத் தன் சட்டைப்பையிலிருந்து கடனாகக் கொடுத்தே தன் பணியைத் தொடங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. அந்த 27 டொலர் 1983 இல் கிராமீன் வங்கியாகவும் 2006 இல் நோபல் சமாதானப் பரிசாகவும் வளர்ந்தது.

சிக்கலான திட்டங்கள் ஏன் தோற்கின்றன என்பதை எண்கணிதத்தின் துணைகொண்டும் விளக்கலாம். ஒரு தொழில் வெற்றிபெற 10 விடயங்கள் ஒருங்கே சரியாக நடைபெறவேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: இயந்திரம் வரவேண்டும், அனுமதி கிடைக்கவேண்டும், வங்கிக் கடன் உரிய நேரத்தில் கைக்கு வரவேண்டும், மூலப்பொருள் தடையின்றி வரவேண்டும், பயிற்சி பெற்ற ஊழியர் நிலைத்திருக்கவேண்டும், ஏற்றுமதி முகவர் ஏமாற்றாதிருக்கவேண்டும், இவை போன்று பல. ஒவ்வொன்றும் நடப்பதற்கு நூற்றுக்கு 90 வாய்ப்பு உண்டு என்று தாராளமாகவே கொள்வோம். பத்தும் ஒருங்கே நடப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 35 மட்டுமே. அதே அளவு நம்பகமான 3 விடயங்களை மட்டும் சார்ந்துள்ள தொழிலுக்கு அந்த வாய்ப்பு 73. முதலாளியின் திறமை இரண்டிலும் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. சங்கிலியின் நீளம் மட்டுமே வேறு.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இக்கணக்கை எமது கண்முன்னே மெய்ப்பித்தது. டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. மண்ணெண்ணெயின் விலை 2022 ஓகஸ்டில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டபோது தீவகத்தின் கடற்றொழிலாளர்கள் படகுகளைக் கரையேற்ற நேர்ந்தது. இறக்குமதி இயந்திரத்தையும் இறக்குமதி மூலப்பொருளையும் வங்கிக் கடனையும் ஒருசேர நம்பிய தொழில்கள் மூன்று பக்கத்திலிருந்தும் அடிவாங்கின. எளிய தொழில்களும் தப்பவில்லை என்பது உண்மை. ஆனால் அவை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே அடிவாங்கின.

அப்படியாயின் எம்மவர் ஏன் மீண்டும் மீண்டும் சிக்கலான திட்டங்களையே நாடுகின்றனர்? ஒரு காரணம் கௌரவம். பட்டம் பெற்ற மகன் கறித்தூள் விற்பதை எந்தத் தாயும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. "ஒருங்கிணைந்த வேளாண் ஏற்றுமதி நிறுவனம்" நடத்துகின்றான் என்று சொல்வதில் மகிழ்ச்சி கொள்கின்றாள். இன்னொரு காரணம், பணம் கொடுப்பவர்களின் விருப்பம். நிதி வழங்கும் நிறுவனத்துக்குத் தன் அறிக்கையில் பதிவதற்குக் கவர்ச்சியான திட்டம் தேவைப்படுகின்றது. புலம்பெயர்ந்த உறவினருக்கோ ஊரில் தன் பெயர் சொல்லும் ஒரு பெரிய கட்டடம் தேவைப்படுகின்றது. ஊரின் தேவை என்ன என்று கேட்கப்படுவதில்லை. நிதி முடிந்ததும் துருப்பிடித்த இயந்திரங்களும் பூட்டிய மண்டபங்களும் எஞ்சிவிடுகின்ற காட்சியை வடக்கில் எத்தனை கிராமங்களில் நாம் கண்டுவிட்டோம்!

இதில் மிகக் கூடிய விலை கொடுப்பவர்கள் குடும்பத் தலைமையைத் தனியே சுமக்கும் பெண்கள். போரில் கணவரை இழந்த பெண்களை நோக்கி நுண்கடன் நிறுவனங்கள் படையெடுத்தன. கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு வேறொரு கடன், அதற்கு இன்னொன்று என்று அவர்கள் சிக்குண்டனர். 2018 ஆம் ஆண்டில் அரசாங்கமே தலையிட்டு, வறட்சியினால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. கடன் என்ற கருவியின் மீது மட்டும் பழிபோட்டுப் பயனில்லை. ஜோப்ராவில் அக்கடன் மூங்கில் ஆசனம் பின்னும் ஒருவருக்கு மூங்கில் வாங்கக் கொடுக்கப்பட்டது. மறுநாளே ஆசனம் விற்பனையாகும். இங்கு பெரும்பாலும் என்ன தொழில், யார் வாங்குவார், எந்த நாளில் காசு திரும்பும் என்ற கேள்விகள் கேட்கப்படாமலே கடன் கையில் திணிக்கப்பட்டது. வாரந்தோறும் தவணை கேட்கும் கடனுக்கு, வாரந்தோறும் காசு தரும் தொழில் வேண்டும் என்ற சாதாரண உண்மையை மறந்ததன் விளைவே அது.

எளிய தொழிலுக்கும் குறைகள் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. அவற்றுள் முதன்மையானது, அதை எவரும் இலகுவாகப் பின்பற்றிவிடலாம் என்பது. ஒரு வீதியில் ஒருவர் கோழிக்கூடு அமைத்தால் அடுத்த ஆண்டு அவ்வீதி முழுவதும் கோழிக்கூடுகள்; முட்டையின் விலை வீழ்ந்து எல்லோரும் நட்டப்படுவர். ஆகையால் எளிமை என்பது இலகு என்று பொருள்படாது. தொழிலின் எண்ணம் எளிமையாக இருக்கலாம். அதைச் செய்யும் ஒழுங்கு கடுமையாகவே இருக்கவேண்டும். கரம்பொனில் ஒரு பெண் மிளகாய்த்தூள் இடித்து விற்பதாக வைத்துக்கொள்வோம். அத்தொழிலை ஆயிரம் பேர் செய்யலாம். ஆனால் செத்தலையும் மல்லியையும் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்குவத்தில் வறுத்து, கலப்படமின்றி, அளவு குறையாமல், சொன்ன நாளில் கொடுப்பவர் சிலரே. இரண்டு ஆண்டுகள் அவ்வாறு கொடுத்தால் அவருடைய பெயரே வர்த்தகச் சின்னமாகிவிடும். அப்பெயரை எவராலும் பின்பற்ற முடியாது. ஒரு பொருளில் பெயர் நிலைத்த பின்னர் ஒடியல் மாவையோ மோர்மிளகாயையோ சேர்ப்பது வளர்ச்சி. முதல் நாளிலேயே பத்துப் பொருள்களுடன் தொடங்குவது ஆபத்து.

மருந்து உற்பத்தி, கப்பல் கட்டுதல், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகள் இயல்பாகவே சிக்கலானவை. அவற்றை எம்மவர் தவிர்க்கவேண்டும் என்று நாம் கூறவரவில்லை. அத்துறைகளிலும் வாடிக்கையாளருக்கு வழங்குவது எளிமையாக இருப்பதே வெற்றியின் இரகசியம். 1998 இல் கூகுள் தோன்றியபோது ஏனைய இணையத்தளங்கள் செய்தி, சோதிடம், வானிலை, விளம்பரம் என்று முகப்பை நிரப்பி வைத்திருந்தன. கூகுளின் முகப்பிலோ ஒரு வெற்றுப் பெட்டி மட்டுமே இருந்தது. உள்ளே இருந்த கணிதம் கடினமானது. வெளியே இருந்த வாக்குறுதி ஒன்றே ஒன்று.

எமது இரு சமூகங்களின் மரபுகளும் இவ்விடயத்தில் ஒரே திசையையே காட்டுகின்றன. வரக்கூடிய இலாபத்தை எண்ணிக் கையிலுள்ள முதலையும் இழக்கச் செய்யும் காரியத்தை அறிவுடையோர் தொடங்கமாட்டார் என்பது 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் திருவள்ளுவர் தரும் அறிவுரை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே வணிகராக வாழ்ந்தவர்கள். இஸ்லாமிய வணிகச் சட்டம் வட்டியைத் தடைசெய்வதுடன், பொருளும் விலையும் காலமும் தெளிவற்ற, ஊகத்தை நம்பிய கொடுக்கல் வாங்கலையும் 'கரர்' என்று கூறி விலக்குகின்றது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெளிவாக விளங்காத வியாபாரம் நல்ல வியாபாரமன்று என்பதே இதன் சாரம். மண்கும்பானிலும் நயினாதீவிலும் கோயில்களுடன் பள்ளிவாசல்களும் அமைந்துள்ள தீவகத்தில் இரு சமூகத்தவரும் இந்த நெறியை நன்கறிந்தே கொடுத்து வாங்கி வாழ்ந்தனர்.

ஆகவே தொழில் தொடங்க விரும்பும் எமது இளைஞர்களும் பெண்களும் தம்மிடமே நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. எனது தொழிலை அயல்வீட்டுக்காரருக்கு ஒரே வாக்கியத்தில் விளங்கவைக்க முடியுமா? எனது முதல் பத்து வாடிக்கையாளர்களின் பெயர்களை இப்பொழுதே சொல்ல முடியுமா? போட்ட காசு எத்தனை நாளில் கைக்குத் திரும்பும்? இத்தொழில் தோற்றால் காணியையும் நகையையும் இழக்காமல் மறுபடியும் தொடங்க முடியுமா? இந்நான்குக்கும் தெளிவான விடை உண்டெனில் துணிந்து இறங்கலாம். விடை இல்லையெனில், திட்ட அறிக்கை எத்தனை பக்கமாயினும் பொறுத்திருப்பதே மேல்.

கடன் கொடுக்கும் வங்கிகளும் உதவி வழங்கும் நிறுவனங்களும் இதே கேள்விகளையே கேட்கவேண்டும். ஒரு கோடி ரூபாவை ஒரே தொழிற்சாலைக்குக் கொடுப்பதைவிட, 1 இலட்சம் ரூபா வீதம் நூறு பேருக்குக் கொடுத்து, அவர்களுள் எழுந்து நிற்பவர்களுக்கு இரண்டாம் கட்டமாகக் கூடுதலாகக் கொடுப்பது அறிவுடைமையாகும். பிரதேச செயலகங்கள் செய்யவேண்டியதும் உண்டு. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒழுங்கான படகுச் சேவை, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே தடையற்ற கடற்பாதை, போதிய குடிநீர், திருத்தமான வீதி ஆகியவை கிடைத்தால் தொழில்களை மக்களே தேடிக்கொள்வர். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாக விகாரைக்கும் நாள்தோறும் வரும் யாத்திரிகர்களுக்குப் பனங்கட்டியையும் பனையோலைப் பெட்டியையும் விற்பதற்கு எவருக்கும் பயிற்சிப் பட்டறை தேவையில்லை.

புலம்பெயர்ந்து வாழும் தீவகத்து உறவுகளிடம் நாம் பணிவுடன் கேட்டுக்கொள்வதும் இதுவே. உங்கள் பாட்டனாருக்கு எவரும் ஒரு தொழிற்சாலையைக் கட்டிக்கொடுக்கவில்லை. தெரிந்த ஒருவர் தன் கடையில் இடம் கொடுத்தார், தொழிலைக் கற்றுக்கொடுத்தார், சிறு தொகையைக் கைமாற்றாகக் கொடுத்தார், முதல் சரக்கைக் கடனாக அனுப்பினார். இன்றும் ஊரிலுள்ள ஒருவருக்கு வேண்டியவை இவை நான்கே. டொரொன்டோவிலோ இலண்டனிலோ உள்ள உங்கள் கடையின் ஒரு தட்டை கரம்பொன் பெண்ணின் மிளகாய்த்தூளுக்கு ஒதுக்குவது, பூட்டிக் கிடக்கப்போகும் ஒரு மண்டபத்தைக் கட்டுவதிலும் பார்க்கப் பன்மடங்கு பயனுடையது.

தீவகத்தில் இன்று ஆளற்ற வீடுகள் பல. கூரை விழுந்த கல்வீடுகளின் முற்றங்களில் பற்றை வளர்ந்து கிடக்கின்றது. அந்த வீடுகள் சுருட்டுக் கட்டுகளாலும் தேநீர்க் குவளைகளாலும் எழுப்பப்பட்டவை என்பதை அவற்றைக் கடந்து செல்லும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். எஞ்சியிருப்பவர்களும் கடல் கடந்து போவதற்கே வழி தேடும் இக்காலத்தில், ஊரிலேயே கௌரவமாக வாழ முடியும் என்ற நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுப்பது எம்முன் உள்ள பெரும் பொறுப்பாகும். அந்த நம்பிக்கை ஒரு தராசுடனும் ஒரு கொப்பியுடனும் தொடங்கலாம். எமது முன்னோர் அவ்வாறே தொடங்கினர்.